தற்காலிகக் குடித்தனம்

அயல்நாட்டில் தனியாக இருக்கும்வரை ஒருவன், நான் வாழவில்லை, காத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஊரிலிருக்கும் மனைவியும் அந்தக் காத்திருப்பில் பங்குகொண்டவள்தான். அவள் வந்து சேர்ந்து, ஒரு குழந்தையும் பிறந்தபின் அதே வாக்கியத்தைச் சொல்ல அவனுக்கு உரிமை உண்டா என்பதே என் கேள்வி.

மேற்கு ஜெர்மனிக்குப் போன துருக்கியர்களை வைத்து இதை யோசிக்கலாம். 1961 அக்டோபரில் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. இஸ்தான்புல்லில் ஜெர்மன் டாக்டர்கள் உடம்பைச் சோதித்து ஆள் எடுத்தார்கள். (மாட்டுச் சந்தை ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை.) இரண்டு வருஷம் என்று பேச்சு. பழகிய ஆளை அனுப்பிவிட்டுப் புதியவனைப் பழக்குவது முதலாளிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. 1964ல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். 'விருந்தாளித் தொழிலாளி' என்ற பெயர் மட்டும் நின்றது. விருந்தாளியை வேலை வாங்கும் வீடு எதுவோ.

1973 நவம்பரில் ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். கூட்டத்தைக் குறைக்கத்தான். நடந்தது வேறு. ஊருக்குப் போனால் மறுபடி உள்ளே வர முடியாது என்று தெரிந்துகொண்டவர்கள் போகாமல் இருந்துவிட்டார்கள். மனைவி மக்களை அழைத்துக்கொண்டார்கள். ஆக, பலர் அங்கே குடும்பமாக நிலைத்தது ஒரு தீர்மானத்தால் அல்ல, கதவு சாத்தப்பட்டதால். தீர்மானிக்காமலே நேர்ந்துவிட்ட வாழ்க்கைக்கு ஒருவன் பொறுப்பேற்பது எப்படி?

ஜான் பெர்ஜர் 1975ல் ழான் மோரின் புகைப்படங்களோடு எழுதிய 'ஏழாவது மனிதன்' இவனுடைய பிரக்ஞையை நெருங்கிப் பார்த்த புத்தகம். ஆனால் அது ஆண் தொழிலாளியின் புத்தகம். பெண்களின் அனுபவத்துக்குத் தனிப் புத்தகம் வேண்டும் என்று அவரே சொல்லிவிடுகிறார். குடும்பம் வந்து சேர்ந்தபின் நடப்பது அவர் எல்லைக்கு அப்பால் இருக்கிறது.

நமக்கும் இது அந்நியமான விஷயமல்ல. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன செட்டியார் கடை ஏஜெண்டுகள் மூன்று வருஷக் கணக்கில் போவார்கள்; பெண்டு பிள்ளைகள் பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே. ஈவிரக்கமற்ற ஏற்பாடு என்று நான் நினைத்ததுண்டு. இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. கொடுமை இருந்தது, ஆனால் யார் எங்கே வாழ்கிறார்கள், யார் எங்கே காத்திருக்கிறார்கள் என்பதில் குழப்பம் இருக்கவில்லை.

ஜெர்மனியில் அந்தக் குழப்பம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அடுத்த வருஷம் போய்விடுவோம் என்பதால் நல்ல மேஜை வாங்குவதில்லை. பாஷையைச் சரியாகக் கற்பதில்லை. மிச்சம் பிடித்த பணத்தில் ஊரில் ஒரு வீடு எழும்பும்; அதில் யாரும் குடியிருக்கமாட்டார்கள். அப்பாவுக்குக் காத்திருக்கும் அறையாக இருப்பது குழந்தைக்கு முழு உலகம். அதன் ஐந்து வயதும் பத்து வயதும் அவருடைய இடைவேளையில் நடந்து முடிந்துவிடுகின்றன. இன்னொருவரின் ஆயுளைத் தன் ஒத்திவைப்புக்குள் அடைத்துவைப்பது ஒருவகைத் திருட்டு என்று, பத்து வருஷத்துக்கு முன்பானால், தயங்காமல் எழுதியிருப்பேன்.

தயக்கத்துக்குக் காரணம், அந்த ஒத்திவைப்பு இல்லாமல் அவரால் அந்த ஆலையில் அவ்வளவு காலம் நின்றிருக்க முடியாது என்பது. சார்த்தரைப் படித்தவர்களுக்குச் சட்டென்று ஒரு சொல் வாயில் வரும்; அடக்கிக்கொள்வது நல்லது. வெளியிலிருப்பவனுக்குச் சுயஏமாற்றாகத் தெரிவது உள்ளே விசுவாசமாக இருந்திருக்கிறது, ஊரில் புதைக்கப்பட்ட பெற்றோருக்கு, விட்டுவந்த பேச்சுக்கு. தவிர, அந்தக் கற்பனை அவருடையது மட்டுமல்ல. அந்நியர்களுக்குத் தன் மண்ணில் பிறந்த குழந்தையை, பிறந்த காரணத்துக்காகப் பிரஜையாக ஏற்க ஜெர்மனி 2000 வரை தயாராக இல்லை. 1983ல் ஒரு சட்டம் போட்டார்கள்: வேலையிழந்தவர் குடும்பத்தோடு நாடு திரும்பினால் 10,500 மார்க், குழந்தை ஒன்றுக்கு மேற்கொண்டு 1,500. ஒத்திவைப்புக்கு ஒரு விலை கிடைத்தது. பலர் வாங்கிக்கொண்டு போனார்கள். போன இடத்தில் அவர்களுக்கும் குழந்தைகளுக்கும் 'அல்மாஞ்சி', ஜெர்மன்காரர்கள், என்று பெயர்.

'திரும்பிப் போகிறோம்' என்றால் முன்பு அங்கிருந்து வந்திருக்கவேண்டும். குழந்தை எங்கிருந்தும் வரவில்லை. துருக்கியிலும் ஜெர்மனிலும் 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் ஒரே சொல்தான். கேட்கும் குழந்தையைச் சேர்த்தா, விட்டா என்று சொல்லாமலே அப்பா பேசிவிடலாம். தமிழ் அந்தச் சலுகையைத் தருவதில்லை என்று நான் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். 1983க்குப் பிறகு அதே ஜெர்மனிக்கு அகதிகளாகப் போன யாழ்ப்பாணத்துக் குடும்பங்களை நினைத்ததும் பெருமை போயிற்று. எழுவாயை விட்டுவிட்டு 'ஊருக்குப் போகவேணும்' என்று மட்டும் சொன்னால் போதும், தமிழிலும் தப்பித்துக்கொள்ளலாம். சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, 'ஆர் போறது?' என்று ஒரு குழந்தை கேட்கும்வரை.