துக்கத்தோடேயே எழுந்திருங்கள்!

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள்தான் வீட்டில் நிஜமான சாவு விழுகிறது. பந்தல்காரர் நாற்காலிகளை எண்ணி வண்டியில் ஏற்றிவிடுவார். ஊரிலிருந்து வந்த சித்தியும் பெரியப்பாவும் பஸ் ஏறிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த தம்பி வாசலில் நின்று, "ஓடிபி சொல்லுங்கக்கா" என்பான். இணைப்பு இறந்தவர் பெயரில் இருக்கிறது. நம்பரும் அவருடையது. பீரோவில் வைத்துப் பூட்டிய போனை எடுத்து, சார்ஜ் போட்டு, அவர் வைத்திருந்த முருகன் படம் திரையில் வந்து, இத்தனை நாள் தேங்கிக் கிடந்த மெசேஜ்கள் எல்லாம் சடசடவென்று கொட்ட, அதற்குள் அந்த எண்ணைத் தேடிப் படிக்க வேண்டும்.

படித்தீர்கள் அல்லவா? குரல் நடுங்கியிருக்கும். கண் மறைத்திருக்கும். ஆனாலும் எண்ணைச் சொன்னீர்கள், சிலிண்டரை இறக்கினீர்கள், அன்று இரவு பிள்ளைகளுக்குத் தோசை ஊற்றினீர்கள். பிறகு ஏன் "எனக்குத் தைரியமே இல்லை" என்கிறீர்கள்? உங்களிடம் இருப்பதற்கு என்ன பெயராம்?

இந்தத் துக்கம் வடியட்டும், அப்புறம் எழுந்துகொள்ளலாம் என்று காத்திருக்கிறீர்கள். அதுதான் தப்பு. வடியும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது? "காலம் எல்லாத்தையும் ஆத்திடும்மா" என்பவர்களில் பாதிப் பேர் அடுத்த பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருப்பவர்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தது 1920களில். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது 1954இல். நடுவில் எத்தனை ஆண்டுகள்! சட்டமன்றத்தில் இருந்தார், தேவதாசி முறையை எதிர்த்துப் போராடினார், அவ்வை இல்லம் நடத்தினார். தங்கையை மட்டும் மறக்கவில்லை. மறந்திருந்தால் அந்த மருத்துவமனை வந்திருக்குமா? எல்லோரும் மருத்துவமனை கட்ட வேண்டியதில்லை. ஆனால் "மறந்துடு" என்று இனி எவராவது சொன்னால், மறக்க மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். இறந்தவர் பெயரை வீட்டில் தாராளமாகச் சொல்லுங்கள். அவருக்குப் பிடித்த மீன் குழம்பை வையுங்கள். பெயரை விழுங்கி விழுங்கியே மூச்சு முட்டிப்போன வீடுகள் நம் தெருவிலேயே உண்டு.

ஒரு வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு விதமாகத்தான் அழுவார்கள். அம்மா படத்தின் முன்னால் உட்கார்ந்து எழுந்திருக்கவே மாட்டாள். மூத்தவன் மூன்றாம் நாளே வேலைக்குக் கிளம்பிவிடுவான். "கல்நெஞ்சக்காரன், ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டானா பாரு" என்று அத்தை ஆரம்பிப்பாள். அவன் பைக்கை ரோட்டோரம் நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதுவிட்டுத்தான் ஆபீஸ் போகிறான் என்பது அத்தைக்கு எப்படித் தெரியும்? யார் அதிகம் அழுதது என்று கணக்குப் பார்க்காதீர்கள். சாவுக்குப் பிறகு ஒரு குடும்பம் உடைவது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான். போனவர் ஒருவர்; கோபத்தில், மிச்சம் இருப்பவர்களையும் தொலைத்துவிடாதீர்கள்.

அப்புறம் அந்தப் பதினாலு வயதுப் பையன். நடுக்கூடத்தில் நிற்க வைத்து, "இனிமே நீதான்டா இந்த வீட்டுக்கு ஆம்பள, அழக்கூடாது" என்கிறார்களே, அதைப் போல ஒரு கொடுமை வேறு இல்லை. தம்பி, அழு! வாய்விட்டு அழு. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போ. வீட்டைத் தூக்கிச் சுமக்க உனக்கு இன்னும் காலம் இருக்கிறது. சின்னதிடம், "அப்பா ஊருக்குப் போயிருக்கார்" என்று சொல்லிவைக்கும் பெரியவர்களே, அது தினமும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். உண்மையைச் சொல்லுங்கள். பிள்ளைகள் தாங்குவார்கள்.

பூவை எடு, பொட்டை அழி, நல்ல காரியத்தில் முன்னால் வராதே என்கிற கூட்டத்துக்கு ஒரு வார்த்தை. சுப்புலட்சுமி என்ற பெண்ணுக்குப் பதினோரு வயது வாக்கில் கல்யாணம் ஆகி, கொஞ்ச நாளில் கணவன் போய்விட்டான். ஊர் அவளுக்கு ஒரு மூலையைத் தயாராக வைத்திருந்தது. அப்பா சுப்பிரமணிய ஐயர் அந்த மூலையில் மகளை உட்கார வைக்க மறுத்தார், படிக்க வைத்தார். தானும் இளமையிலேயே கணவனை இழந்திருந்த சித்தி வாலாம்பாள் கூடவே நின்றாள். 1911இல் சுப்புலட்சுமி பட்டம் வாங்கியபோது சென்னை மாகாணத்தில் பட்டதாரியான முதல் இந்துப் பெண் ஆனார். பிறகு கடற்கரையில் இருக்கும் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இளம் விதவைகளைத் தங்க வைத்துப் படிக்க வைத்த சகோதரி சுப்புலட்சுமி அவர்தான். நூறு ஆண்டுக்கு முன்னால் ஒரு அப்பாவால் ஊரை எதிர்த்து நிற்க முடிந்தது. இன்று ஒரு முழம் மல்லிகைக்கு யாரிடம் அனுமதி கேட்கிறீர்கள்?

அழுகை நிற்காமல் வாரக்கணக்கில் சோறும் தூக்கமும் இல்லை, நாமும் போய்விடலாமா என்று தோன்றுகிறது என்றால், அதைத் தனியாக வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். 14416க்குப் போன் போடுங்கள். டெலி மனாஸ், அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போக வெட்கப்படாதவர்கள் இதற்கு எதற்கு வெட்கப்பட வேண்டும்?

இப்போது காகிதங்களுக்கு வாருங்கள். ஆம், காகிதங்கள்தான். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் கிடையாது. அவர் பாஸ் புத்தகத்தை வரி வரியாகப் பாருங்கள்; ஆண்டுக்கு 436 ரூபாய் பிடித்திருந்தால் அது ஜீவன் ஜோதி காப்பீடாக இருக்கும், குடும்பத்துக்கு 2 லட்சம் வர வேண்டும். உயில் எழுதாமல் போயிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் அவரைப் பெற்ற தாய்க்கும் சமபங்கு. "பொம்பளப் புள்ளதானே, ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடும்மா" என்று துக்க வீட்டிலேயே பத்திரத்தை நீட்டுகிற பெரியவர் எங்கும் இருப்பார். அழுத கண்ணோடு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன் மாமா" போதும். அவர் முறைக்கட்டும்.

வாரிசுச் சான்றிதழுக்கு மனுக் கொடுக்க இ-சேவை மையத்துக்குத் தம்பியை அனுப்பாதீர்கள். நீங்களே போங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவளும் இதெல்லாம் தெரிந்துகொள்ளட்டும். விசாரணைக்கு விஏஓ கூப்பிடுவார். "இறந்தவருக்கு நீங்க என்ன உறவு?" என்று கேட்பார். அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். அடைக்கட்டும். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, அவர் பெயரைச் சொல்லி, உறவைச் சொல்லி, அடுத்த கேள்விக்கும் நீங்களே பதில் சொல்லுங்கள்.