மருந்தும் செவியும்

மனநோய்க்கு மருந்து வேண்டுமா, வாழ்க்கை மாற வேண்டுமா? அட்டன், நுவரெலியாத் தோட்டங்களுக்கு இடையே பாடம் சொல்லும் நமக்கு இது வெறும் ஏட்டு வாதம் அன்று.

1943இல் சுவிற்சர்லாந்து அறிஞர் அல்பேர்ட் ஹொஃப்மன், எல்.எஸ்.டி. என்னும் பொருள் மனநிலையையே மாற்றுவதைக் கண்டார். அத்தகைய பொருள்களை உரையாடலோடு இணைத்து நோய் தீர்க்கும் முயற்சி 1950களில் வளர்ந்து, பின் தடைப்பட்டு, இந்நூற்றாண்டில் மீண்டும் துளிர்த்தது. பிற சிகிச்சைகளால் தீராத மனச்சோர்வுக்கு, சிலவகைக் காளான்களில் உள்ள சைலோசைபினை அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் வழங்க, 2023 யூலை முதல் அவுஸ்திரேலியா இடமளித்தது. மருந்து கொடுப்பது ஓரிரு முறையே. அதற்கு முன்னும் பின்னும் நோயாளி பேசுகிறார், பயின்ற ஒருவர் பல மணிநேரம் கேட்கிறார்.

நாம் ஊன்றி நோக்க வேண்டியது இந்தக் கேட்டலையே. லயத்துக் காம்பராவில் ஒரு தாய் தன் துயரைத் தனித்துச் சொல்ல இடமேது? கொழுந்து மடுவத்தில் கிலோக் கணக்கைக் கேட்பவர் உண்டு. அவள் கதையைக் கேட்பவர் இல்லை. கேட்பாரற்ற போதை மலையகத்துக்குப் புதிதன்று, கசிப்பு அதுதானே?

கூலி உயர்ந்தால் மனம் தானே தெளியும் என்பர் நம் தோழர் சிலர். மாற்றம் வரும்வரை நோயாளியைக் காத்திருக்கச் சொல்வது அறமாகுமா? அநீதியைத் தாங்கப் பழக்குவதும் மருத்துவமன்று. ஆகவே கூலிப் போராட்டத்தோடு இன்னொன்றையும் கேட்போம்: தோட்ட வைத்தியசாலை தோறும், தமிழில் செவிகொடுக்கப் பயின்ற ஒருவர் வேண்டும். மருந்து எதுவாயினும், அந்தச் செவியின்றி அது பாதிச் சிகிச்சையே.