பயன் தீர்ந்தால் கடன் தீருமா?

ஓர் உயிரிடம் நாம் பெற்றுவந்த பயன் நின்றுவிட்டால், அதற்கு நாம் பட்ட கடனும் நின்றுவிடுமா? ஸ்பெயின் நாட்டு வேட்டை நாய்களின் நிலை இவ்வினாவை நம்முன் நிறுத்துகிறது.

அந்நாட்டுச் சமவெளிகளில் முயல் வேட்டைக்கென வளர்க்கப்படுவது ‘கால்கோ’ என்னும் நாய். ஒடுங்கிய இடையும் நீண்ட கால்களும் கடுவேகமும் உடையது. 1605இல் வெளிவந்த ‘டான் குவிக்சாட்’ நாவலின் தொடக்கத்திலேயே, கதைத்தலைவனின் உடைமைகளுள் ஒன்றாக அது இடம்பெறுகிறது. அத்துணைப் பழம்பெருமை இருந்தும், குளிர்கால வேட்டைப் பருவம் முடிந்ததும் ஓட்டம் தளர்ந்தவை பல தெருவில் விடப்படுகின்றன. கிணற்றில் எறியப்பட்டவையும் மரத்தில் தூக்கிலிடப்பட்டவையும் உண்டு.

இவற்றை மீட்கப் பல நாட்டார் கைகோத்துள்ளனர். ஸ்பெயினின் காப்பகத்தார் காயங்களை ஆற்றி, வெறிநோய்த் தடுப்பூசி இட்டு, மணல் ஈக்களால் பரவும் லெயிஷ்மேனியா நோய் உண்டா எனச் சோதித்து, பயணத்துக்குரிய கடவுச்சீட்டும் பெறுகின்றனர். ஜெர்மனி, பெல்ஜியம், இத்தாலி முதலிய நாடுகளின் அன்பர்கள் அவற்றுக்கு இல்லம் தேடித் தருகின்றனர். ஓடுவதற்கென்றே பிறந்ததாகக் கருதப்பட்ட பிராணி, அந்நிய வீட்டின் மூலையில் அமைதியாக உறங்கப் பழகுகிறது.

“மனிதர் பசித்திருக்க, நாய்க்கு நாடு கடந்த பயணமா?” என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே; ஆனால் கேட்கப்பட வேண்டிய வாசல் வேறு. ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (மறைவு 1262), ‘கவாயிதுல் அஹ்காம்’ என்னும் நூலில், மனிதன்மீது பிராணிகளுக்குள்ள ஹக்குகளை எண்ணிக் காட்டுகிறார். முதுமையாலோ நோயாலோ பயனற்றுப்போன பிராணிக்கும் உணவளிப்பது உடையவன் கடமை என்பது அவற்றுள் ஒன்று. பயிற்றப்பெற்ற நாய் பிடித்துவரும் வேட்டையை உண்ண நமக்கு அனுமதி உண்டு. அதன் முதுமையை மறக்க அனுமதி இல்லை.

ஆகவே மீட்போர் செய்வது கருணை. வேட்டைக்காரர் செய்யத் தவறியதோ கடன். அயலார் கருணை எத்துணைப் பெரிதாயினும், கடன்பட்டவனை அது விடுவிக்காது. இன்று நிறையும் காப்பகம் நாளை காலியானாலும், அடுத்த பருவம் முடிந்ததும் மீண்டும் நிறைகிறது. 2023இல் ஸ்பெயின் இயற்றிய விலங்கு நலச் சட்டமும் வேட்டை நாய்களை விலக்கியே வைத்தது. உழைத்த உயிர் எதுவோ, அதுவே காவலுக்கு வெளியே நின்றது!

இது ஸ்பெயினோடு முடியும் செய்தியன்று. நமக்காக ஓடி ஓய்ந்தவர்கள் நம் வீட்டுத் திண்ணையிலும் இருக்கக்கூடும். அவர்களுக்கு நாம் தருவது கருணையா, கடனா?