விருந்துக்கு ஓர் இடம்

சென்ற மாதம் மண்ணடியில் வாழும் நண்பரொருவர் நம்மைத் தேடி வந்தார். அவருடைய மகனுக்குத் திருமணம் உறுதியாகியிருக்கிறது. நிக்காஹ் மஹல்லாப் பள்ளிவாசலில்தான் என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. வலீமா விருந்தை எங்கே வைப்பது என்பதில்தான் வீடு இரண்டுபட்டு நிற்கிறதாம். "இதுவரை நம் ஆட்கள் யாரும் வைக்காத இடமாக இருக்க வேண்டும் என்கிறான் பையன். நீங்களும் உடன் வந்து பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். மூன்று நாட்கள் அவரோடு சென்னை மாநகரைச் சுற்றினோம். அந்த அலைச்சலினூடே நம் உள்ளத்தில் எழுந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

"யாரும் வைக்காத இடம்." இந்தச் சொற்களில் மணமகனும் இல்லை, மணமகளும் இல்லை, விருந்தாளியும் இல்லை. இருப்பவர்கள் யார்? நமக்கு முன் விருந்து வைத்தவர்கள்! அவர்களை விஞ்ச வேண்டும் என்பதே இதன் உட்பொருள். இவ்வாண்டு நாம் தேடிக் கண்டுபிடித்த மண்டபத்தை மறு ஆண்டு மற்றொருவர் பிடிப்பார். அன்றே நம் தனிச்சிறப்பு பழங்கதையாகிவிடும். காசு கொடுத்து ஓரிரவுக்கு வாங்கும் சிறப்பு, அதே காசைக் கொடுக்க வல்ல அனைவருக்கும் உரியதுதானே?

விருந்துக்கென்றே எழுப்பப்பட்ட மாளிகையொன்று இந்நகரில் உண்டு. இன்று ராஜாஜி மண்டபம் என்று அழைக்கப்படும் அக்கட்டடத்தின் பழைய பெயரே விருந்து மண்டபம் என்னும் பொருளுடையது. 1799ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்த வெற்றியைப் போற்றும் நினைவுச் சின்னமாக, ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் ஆளுநராயிருந்த காலத்தில் கட்டப்பெற்று, 1802இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் கும்பினியின் வானியலறிஞர் ஜான் கோல்டிங்ஹாம். விண்மீன்களை அளந்தவரை விருந்துக்கூடம் கட்டச் சொன்னார்கள்! ஓங்கிய தூண்கள், அகன்ற படிக்கட்டுகள். அந்நாளில் அதனினும் சிறந்த இடம் இவ்வூரில் ஏது? ஆயினும் அங்கே யார் யார் விருந்துண்டார்கள் என்பதை இன்று யார் அறிவார்? அறிஞர் அண்ணாவின் உடல் 1969இல் அங்கே வைக்கப்பட்டது, எம்.ஜி.ஆரின் உடல் 1987இல். கலைஞரின் உடல் 2018இல். அப்படிக்கட்டுகளைத் தமிழ் மக்கள் அறிந்திருப்பது தாங்கள் வரிசையில் நின்று அழுத இடமாகத்தான். கட்டியவர்கள் எண்ணிய பெருமை அதில் தங்கவில்லை. இடத்தின் சிறப்பு அங்கு வந்து கூடுவோரால் அமைவது; அதை முன்கூட்டியே வாடகைக்குப் பேசி எடுத்துவிட முடியாது.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்தபோது அளித்த வலீமா எங்கே நடந்தது? ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில், கைபரிலிருந்து மதீனா திரும்பும் வழியில், பயணக் கூடாரங்களுக்கிடையே. ரொட்டியில்லை, இறைச்சியில்லை. தோல் விரிப்புகளை விரித்தார்கள். பேரீச்சம்பழமும் நெய்யும் உலர்ந்த பாலாடைக் கட்டியும் விருந்தாயின. பக்கத்தில் இருந்தவர்களே விருந்தினர். இதைச் சொன்னவுடன் சிலர், "ஆகவே மண்டபமே கூடாது" என்று முழங்கப் புறப்பட்டுவிடுவர். நாம் அதைச் சொல்ல வரவில்லை. எளிமையையும் நாலுபேர் பார்க்கக் கடைவிரிப்போர் உண்டு. அதுவும் ஒருவகை ஆடம்பரமே. முதியவர்களுக்குக் காற்றோட்டமான இருக்கை, பெண்களுக்குத் தனி வசதி, மஃரிபுத் தொழுகைக்குத் தூய இடம் ஆகியவற்றைத் தேடுவது விருந்தினரை மதிப்பதாகும். ஓர் ஆட்டையேனும் அறுத்து விருந்து வையுங்கள் என்பதும் அந்த நபியவர்களின் அறிவுரைதான்.

நாம் பார்த்தவற்றுள் பையன் விரும்பியது கோவளத்தைக் கடந்து கடற்கரையோரம் இருந்த ஒரு விடுதியின் புல்வெளி. அழகிய இடந்தான், மறைப்பானேன், நாமே சற்று மயங்கிப்போனோம். தென்னைகளுக்கு அப்பால் அலைகள், மாலை வெயில். மேலாளர் நிபந்தனைகளைப் படித்தார். வெளிச் சமையற்காரருக்கு அனுமதியில்லை. தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. எத்தனை பேர் என்று முன்னரே எண்ணிச் சொல்லிவிட வேண்டும். வாயிலில் பட்டியல் இருக்கும்.

மயக்கம் அங்கேதான் தெளிந்தது. தெருவில் பந்தலிட்டுத் தேக்சாவில் தம் போட்டுச் சஹனைச் சுற்றி நால்வரும் ஐவருமாய் அமர்ந்துண்ட நாட்களில், அழைப்பில்லாமல் வந்தவனுக்கும் ஒரு கை இடமிருந்தது. மிஞ்சிய சோறு அண்டை வீடுகளுக்குப் போயிற்று. தலைக்கு விலை வைத்த இடத்திலோ, வந்துவிட்ட ஒவ்வொரு தலையும் செலவாகத் தெரிகிறது. யாரை விடலாம் என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. முதலில் யார் விடுபடுவார்கள்? செல்வர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விலக்கப்படும் வலீமாவை உணவுகளிலெல்லாம் கெட்டது என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதை நாம் மேடைகளில் கேட்டுத் தலையாட்டுகிறோம். எவரும் ஏழையை வேண்டுமென்றே விலக்குவதில்லை. இடமே அந்த வேலையைச் செய்து கொடுத்துவிடுகிறது. பேருந்தில் வருபவர் இரவு பத்து மணிக்குக் கோவளத்திலிருந்து மண்ணடிக்கு எப்படித் திரும்புவார்?

இதைப் பையனிடம் சொன்னோம். அவன் சினக்கவில்லை. "மாமா, எட்டு ஆண்டுகள் துபாயில் ஓர் அறையில் எட்டுப்பேர் அடுக்குக் கட்டிலில் படுத்தோம். சன்னலைத் திறந்தால் எதிரே சுவர்தான். ஒருநாள் மாலை உம்மாவை இப்படியோர் இடத்தில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. நான் யாரையும் விஞ்ச நினைக்கவில்லை" என்றான்.

நமக்கு உடனே விடை சொல்ல வரவில்லை. நாம் செருக்கு என்று கருதியதில் பாதி, ஒரு மகனின் பாசமாக இருந்தது. உள்ளத்தை அறிபவன் இறைவன் ஒருவனே. மண்டபத்தைப் பார்த்து மனத்தை எடைபோடும் வேலை நம்முடையதன்று. பின்னர் ஒன்று மட்டும் கேட்டோம்: "உம்மாவை நாளைக்கே அங்கே அழைத்துப் போகலாமே, தம்பி. ஐந்நூறு பேர் உடனிருப்பது எதற்கு?" அவன் சிறிது நேரம் பேசாதிருந்து, "அவர்களும் பார்க்க வேண்டும் என்றுதான்" என்றான், சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

திருமணத்தை ஊரறியச் செய்யத்தான் வேண்டும். அறிவிப்புக்கும் சாட்சிகள் தேவை. பகட்டுக்கும் சாட்சிகள் தேவை. இரண்டும் ஒரே பந்தலில், ஒரே கூட்டத்தின் முன் நிகழ்வதால் எது எது என்று நமக்கே புலப்படுவதில்லை. வீடு திரும்புகிறவர்கள் மணமக்களைப் பற்றிப் பேசிக்கொண்டு போகிறார்களா, மண்டபத்தைப் பற்றியா என்று பார்த்தால் ஓரளவு விளங்கலாம்.

மற்றொன்றையும் நண்பரிடம் தனியே கேட்டோம்: செலவு யாருடையது? வலீமா மணமகன் வீட்டாரின் கடமை. ஆனால் நம்மிடையே "பாதியைப் பெண் வீட்டார் ஏற்றுக்கொள்கிறார்கள்" என்று மெல்லிய குரலில் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. பெண்ணின் தந்தை விற்கும் மனையின் மேல் நம் தனிச்சிறப்பு எழும்புமாயின், கடற்காற்று எவ்வளவு வீசினாலும் அந்த விருந்து தொண்டையில் இறங்காது. நண்பர் தலை குனிந்தார். பிறகு, "பேச்சு அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, நிறுத்திவிடுகிறேன்" என்றார்.

இடம் இன்னும் முடிவாகவில்லை. நேற்று தொலைபேசியில் பேசினார். மண்டபம் பார்ப்பதை ஒத்திவைத்துவிட்டு, அழைக்க வேண்டியவர்களின் பெயர்களை முதலில் எழுதத் தொடங்கியிருக்கிறார்களாம். பையன் எழுத, உம்மா சொல்லிக்கொண்டு வருகிறார். தெருமுனையில் இடியாப்பம் விற்கும் கைம்பெண்ணின் பெயர் ஏழாவதாக வந்ததாம். "அவருக்கு முழங்கால் வலி, படியேற முடியாது, அதையும் எழுதிக்கொள்" என்று உம்மா சொல்ல, பையன் எழுதிக்கொண்டானாம்.