செம்பும் களிம்பும்

ஆன்மாவை, அதன் அறிவை மறைக்கும் அழுக்கான ஆணவ மலம் அநாதியாகவே பற்றியிருப்பதற்குச் சைவ சித்தாந்தம் காட்டும் உவமை, செம்பில் களிம்பு. ரசவாதியின் பாதரச மாத்திரையான ரசகுளிகை பட்டுக் களிம்பு நீங்குவதுபோல் திருவருளால் மலத்தின் வலி ஒடுங்கும்.

இன்று தொழிற்சாலையில் செம்பைத் தூய்மையாக்குவது மின்னாற்பகுப்பு. கந்தக அமிலம் கலந்த காப்பர் சல்பேட் கரைசலில் அழுக்குச் செம்பு நேர்மின்வாயாகக் கரைய, எதிர்மின்வாயில் ஏறக்குறைய 99.99 விழுக்காடு தூய செம்பு படிகிறது. நிக்கலும் இரும்பும் கரைசலில் தங்கிவிடும். அடியில் சேறாகச் சேர்வதில் தங்கமும் வெள்ளியும் உண்டு. கழிவே விலை உயர்ந்தது!

தூய்மையானது அதே செம்புதானா? அணுக்களைப் பார்த்தால் ஆம். தகட்டைப் பார்த்தால் இல்லை, பழையது அயனி அயனியாகச் சிதைந்தே புதியது உருவாகிறது. சித்தாந்தம் இச்சிதைவை ஏற்காது: முத்தியிலும் ஆன்மா அழிவதில்லை, மலமும் வலியிழந்து கிடக்குமே தவிர அழியாது. உவமைக்கு எல்லையும் உண்டு. வேதியியலில் களிம்பு உடன்பிறந்ததல்ல. ஈரக்காற்றில் மேற்பரப்பில் விளைவது. ஆலைச் செம்பிலும் அது மீண்டும் ஏறும்.