கைப்பிடிச் சுவர்

ஆனி பிறந்து, செங்கோட்டைக் கணவாய் வழியே மேற்குக் காற்று இறங்கத் தொடங்கிவிட்டால் தென்காசியின் முகமே மாறிவிடுகிறது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தூறல் விழும். மலை முகடுகள் மேகத்துக்குள் மறையும். குற்றாலத்துச் சாலையெங்கும் வெளியூர் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். அத்தகைய சாரல் காலம் ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன், இவ்வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி இன்றும் நம் உள்ளத்தை விட்டு அகலவில்லை. நாட்டு நடப்பில் அதற்கு எந்த முக்கியத்துவமும் இல்லை. ஆயினும் அது எழுப்பிய கேள்வி பெரியது. அதனை அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அக்கல்லூரியில் கால்பந்துக்கென ஒரு புதிய விளையாட்டரங்கம் உருவாகிக்கொண்டிருந்தது. அரங்கம் என்றதும் நகரங்களின் பெரிய அரங்குகளை நினைத்துவிட வேண்டாம். மேடு பள்ளம் சமன்செய்து, அறுகம்புல் பதித்த ஓர் ஆடுகளம். அதன் ஒரு பக்கம் படிப்படியாக எழும் பார்வையாளர் மேடை. அவ்வளவே. ஆனால் முன்னாள் மாணவர்களும் பெற்றோரும் வியாபாரிகளும் நூறும் ஆயிரமுமாகத் தந்த பணத்தில் எழுந்தது அது. செம்மண் பொட்டலில் முழங்கால் சிராய்த்து ஆடிய தலைமுறையின் கனவு அது. திறப்பு விழாவுக்கான குழுவில் நம்மையும் சேர்த்திருந்தார்கள். துண்டறிக்கையும் அழைப்பிதழும் எழுதும் பணி நமக்கு வந்தது.

எழுதத் தொடங்கியதுமே முதல் தயக்கம் பிறந்தது. நல்ல செயலைப் பறைசாற்றலாமா? வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டி, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாக அறிவிப்பது அந்தப் போதனைக்கு அடுக்குமா? ஆனால் விளக்கை ஏற்றி மரக்காலுக்குள் மறைக்கலாகாது என்பதும் அதே மலைப்பொழிவில் உள்ள போதனையன்றோ? இரண்டும் ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றுகின்றன. சற்று ஆழ்ந்து நோக்கினால் முரண் விலகுகிறது. விளக்கு எரிவது வீட்டிலுள்ளோர் பார்ப்பதற்காக. ஏற்றியவரின் முகம் தெரிவதற்காக அன்று. பொதுமக்களுக்குரிய ஒன்றைப் பொதுமக்களுக்கு அறிவிப்பது கடமை. யாரும் அறியாத விளையாட்டரங்கம் வெறும் வேலியிட்ட நிலமே. அறிவிப்பின் நடுவில் நிற்பது களமா, கட்டியவரா என்பதில்தான் அறம் அடங்கியிருக்கிறது.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு கடல் கடந்த நாட்டில் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம், முதல் உலகப் போரில் உயிர்நீத்த தன் பிள்ளைகளின் நினைவாக ஒரு விளையாட்டரங்கம் எழுப்ப முனைந்தது. அங்கே ஆடப்படுவது நாமறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடும் ஆட்டம். நிதிக்காக 1921-ஆம் ஆண்டில் பெரும் பரப்புரை நடந்தது. மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் மனமுவந்து கொடுத்தனர். இன்று அந்த அரங்கின் வெளித்தூண்களை அண்ணாந்து பார்ப்பவர் காண்பவை போரில் மாண்டவர்களின் பெயர்கள். ஊரறிய நிகழ்ந்த விளம்பரம்தான் அது. ஆனால் அதன் கனி, நன்றி கூறவும் எழுந்து வர இயலாதவர்களுக்குச் சேர்ந்தது.

நம் குழுவிலோ அழைப்பிதழில் யார் பெயர் முதலில், யார் பெயர் அடுத்து என்பதிலேயே இரண்டு மாலைப்பொழுதுகள் கரைந்தன. எத்தனை அளவு எழுத்தில் அச்சிடுவது என்றும் வாதித்தோம். களத்தில் ஆடப்போகும் மாணவர்களுள் ஒருவர் பெயரும் அந்த அழைப்பிதழில் இல்லை என்பது அச்சாகி வந்த பிறகே நமக்கு உறைத்தது. இப்பிழையில் நமக்கும் பங்கு உண்டு.

அதைவிடப் பெரிய கேள்வி பின்னர் வந்தது. விழாவுக்கு எட்டு நாள் இருக்கையில் வேலையைப் பார்வையிடச் சென்றோம். புல் வேர்பிடித்திருந்தது. கோல் கம்பங்கள் நடப்பட்டிருந்தன. குறுக்குக் கம்பம் தரையிலிருந்து 2.44 மீட்டர், இரு கம்பங்களுக்கு இடையே 7.32 மீட்டர் என உடற்கல்வி இயக்குநர் அளந்து பார்த்தார். பிறகு ஒவ்வொரு கம்பத்தையும் இரு கைகளாலும் பிடித்துத் தம் பலங்கொண்டமட்டும் உலுக்கினார். சிறுவர்கள் குறுக்குக் கம்பத்தில் தொங்குவார்கள், சரியாக ஊன்றாத கம்பம் சாய்ந்தால் உயிரையே வாங்கிவிடும் என்றார். கோல் கம்பம் தரையில் உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது ஆட்ட விதிகளிலேயே உள்ளது.

பார்வையாளர் மேடையில்தான் குறை இருந்தது. சாரலால் வேலை தடைப்பட்டதில் மேல் வரிசைகளுக்குக் காரை போட்டுப் பத்து நாளே ஆகியிருந்தது. காரை தனக்குரிய வலிமையை அடைய 28 நாள் என்பது பொறியாளர்களின் கணக்கு. அதிலும் மோசமாக, மேல் வரிசையின் பின்புறம் தடுப்பே இல்லை. இரண்டு ஆள் உயரத்துக்கு வெறும் வெளி. கம்பி இன்னும் வந்து சேரவில்லை என்றார்கள்.

“ஒரு நாள் விழாதானே, பார்த்துக்கொள்ளலாம்” என்றார் குழுவில் ஒருவர். அமைச்சர் பெருமக்களின் தேதி கிடைப்பது எளிதா? அழைப்பிதழ்களும் வீடு வீடாகப் போய்விட்டன. மேல் வரிசைக்கு யாரும் போகாதபடி இரண்டு மாணவர்களைக் காவல் நிறுத்தினால் போயிற்று என்பது அவர் யோசனை. நாமும் தலையசைத்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. அப்போது சாந்துச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்ற கொத்தனார் ஒருவர், “சார், பயலுவ ஏறாமலா இருப்பானுவ?” என்று கேட்டார். அதற்கு மறுமொழி எவரிடமும் இல்லை.

இணைச்சட்ட நூலின் இருபத்திரண்டாம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை உண்டு. புதிதாக வீடு கட்டுபவன் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். ஒருவன் அங்கிருந்து விழ நேர்ந்தால் அந்தப் பழி அவ்வீட்டின்மேல் வரலாகாது என்பது அதன் கருத்து. இதனைப் பலமுறை வாசித்திருக்கிறோம். கட்டடக் கலைக் குறிப்பென்று கடந்தும் போயிருக்கிறோம். அன்று அதன் பொருள் வேறாகத் தெரிந்தது. தவறி விழுபவன் தன் கவனக்குறைவால்தான் விழுகிறான். ஆயினும் பழி கட்டியவனையும் சேர்கிறது. ஏன்? பிறருடைய கவனக்குறைவையும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்து அதற்கும் இடம்விட்டுக் கட்டுவதே அன்பு என்பதால். அயலான் எப்போதும் விழிப்பாகவே இருப்பான் என்று எதிர்பார்க்கும் நேசம், நேசத்தில் பாதிதான்.

இது வெறும் அச்சம் என்று எவரும் தள்ளிவிட இயலாது. மலைக்கு அப்பால் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், காளிகாவு அருகே, 2022 மார்ச் மாதம் எழுவர் கால்பந்தாட்டத்தின் இறுதிப் போட்டியைக் காணக் கூடியிருந்தவர்களோடு தற்காலிகப் பார்வையாளர் மேடை சரிந்தது. ஏறத்தாழ இருநூறு பேர் காயமுற்றனர். அந்த மேடையில் ஏறிய எவரும் அதன் கட்டுகளைச் சோதித்துவிட்டு ஏறவில்லை. சோதிக்கவும் இயலாது. திறந்திருக்கும் வாயிலே, உள்ளே வரலாம் என்று சொல்லும் வாக்குறுதி. அந்த வாக்கை நம்பித்தான் தகப்பன் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறுகிறான்.

ஆயினும் மறுதரப்பையும் எண்ணிப் பார்ப்பது நேர்மையாகும். எல்லாம் நிறைவுபெற்ற பின்தான் திறப்போம் என்றால் உலகில் எதுவும் திறக்கப்படாது. விரைவு பாவமன்று. சென்னை நேரு விளையாட்டரங்கம் 1993-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கால்பந்துப் போட்டிக்காக 260 நாள்களில் எழுப்பப்பட்டது என்பர். மேலே கூறிய இல்லினாய் அரங்கிலும் வேலை முடியுமுன்பே, 1923 நவம்பர் 3 அன்று முதல் ஆட்டம் நடந்தது. அர்ப்பண விழாவோ அடுத்த ஆண்டு அக்டோபர் 18 அன்றுதான். பயன்படுத்துவதற்கு ஒரு நாள், விழாவுக்கு மற்றொரு நாள்! மேலும், காத்திருப்பதற்கும் விலை உண்டு. மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்த மாணவனுக்கு ஓராண்டுத் தாமதம் என்பது மூன்றில் ஒரு பங்கு இளமை.

அப்படியானால் எதை முடிக்காமல் திறக்கலாம், எதை முடித்தே தீர வேண்டும்? நமக்குத் தோன்றும் அளவுகோல் இது: குறை வெளிப்பட்டால் நம் பெருமை மட்டுமே குலையும் என்றால், அக்குறையோடு திறக்கலாம். பூசாத சுவரும், வண்ணம் தீட்டாத வாயிலும், நிழற்கூரை இல்லாத படிகளும் அத்தகையவை. தம் கண்ணால் கண்டறிய முடியாத ஒன்றை நம்பிப் பிறர் தம் உடலை ஒப்படைக்கிறார்கள் என்றால், அங்கே ஒரு விரற்கடைக் குறையும் பொய்யாகிவிடும். நாமோ பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். விருந்தினர் கண்ணில் படும் முகப்புக்கு இரண்டு பூச்சு வண்ணம். கண்ணில் படாத பின்புறத்துக்கு “பார்த்துக்கொள்ளலாம்” என்ற ஒரு சொல்.

“இன்று இல்லை” என்று சொல்லும் துணிவைக் குற்றாலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பேரருவியில் நீர் பெருகிப் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழத் தொடங்கினால் குளிக்கத் தடை வந்துவிடும். தொலைவூர்களிலிருந்து வந்து, விடுதிக்குப் பணம் கட்டி, எண்ணெய் தேய்த்து நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். கடைக்காரருக்கும் அன்று வியாபாரம் இல்லை. அருவியோ அன்றைக்குத்தான் என்றுமில்லாத அழகோடு பொங்கி விழும். ஆயினும் தடுத்து நிறுத்துகிறார்கள். மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுபோனது. அந்தத் துயரை அறிந்தவர், தடைக்கயிற்றின் முன் நிற்கும் காவலரை ஏசத் துணியமாட்டார். திறந்துவிடுபவருக்கு மாலை கிடைக்கிறது. மூடி வைப்பவருக்குக் கிடைப்பது ஏச்சு மட்டுமே. அவர் காத்த உயிர்களுக்கோ தாங்கள் காக்கப்பட்டதே தெரியாது. இடக்கை அறியாத வலக்கையின் செயல் இதுவே எனலாம்.

இறுதியாக ஒரு கல்வெட்டு. தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலை 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பியவன் பராக்கிரம பாண்டியன். அவன் பாடியதாக அங்கே பொறிக்கப்பட்டுள்ள பாடல் ஒன்று, படிப்பவரைத் திகைக்க வைப்பது. பிற்காலத்தில் இக்கோயிலுக்குப் பழுது நேர்ந்தால் அதைத் திருத்திக் காப்பவர் எவரோ, அவர் அடியைத் தான் பணிவதாக அம்மன்னன் கூறுகிறான். கட்டியவன் அரசன், காக்கப்போகிறவர் யாரென்றே தெரியாது. ஆயினும் முன்கூட்டியே அவர் காலில் விழுகிறான். அவன் அஞ்சியது வீணாகவில்லை. கோபுரம் பின்னாளில் தீயால் சிதைந்தது. நெடுங்காலம் மொட்டையாகவே நின்றது. 1990-ஆம் ஆண்டில்தான் ஒன்பது நிலைகளோடு மீண்டும் உயர்ந்து குடமுழுக்குக் கண்டது. நம் சமயம் எதுவாயினும், அந்தக் கல்வெட்டின் பணிவு நம் திறப்பு விழாக் கல்வெட்டுகளை நாணச் செய்கிறது. திறந்து வைத்தவர் பெயரும், முன்னிலை வகித்தவர் பெயரும் நம் கற்களில் உண்டு. நாளை புல்லுக்கு நீர் விடுபவரையும், துருப்பிடித்த கம்பியை மாற்றுபவரையும் வணங்கும் வரி எந்தக் கல்லிலாவது உண்டா?

அன்று மாலையே குழு மீண்டும் கூடியது. நெடுநேரம் பேசினோம், சற்றுக் கடுமையாகவும் பேசினோம். முடிவில் விழா குறித்த நாளிலேயே நடந்தது, ஆனால் பார்வையாளர் மேடை இல்லாமல். மேடையின் அடியிலேயே சவுக்குக் கம்பு கட்டி அடைத்துவிட்டோம். விருந்தினருக்குக் களத்தின் ஓரத்தில் நாற்காலிகள். ஊர் மக்களுக்கு எதிர்ப்பக்கத்து மண்மேடு. முகப்புப் படம் நன்றாக விழவில்லை என்று சிலருக்கு வருத்தம். நடுவே தூறல் வேறு. மாணவர்களோ நனைந்துகொண்டே ஆடினார்கள். மண்மேட்டில் குடை பிடித்து நின்றவர்கள் கடைசி விசில் வரை கலையவில்லை.

இரண்டு மாதங்களுக்குப் பின், கம்பித் தடுப்பு முடிந்த ஒரு சாதாரண வேலைநாளில், கொத்தனாரும் உடற்கல்வி இயக்குநருமாகச் சவுக்குக் கம்புகளை அவிழ்த்தார்கள். மாலையும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. மணி அடித்ததும் வகுப்பிலிருந்து ஓடி வந்த மாணவர்கள் நேராக மேல் வரிசைக்கு ஏறினார்கள். அங்கே சாய்ந்து நின்று மலையைப் பார்த்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் தடுப்பு இருந்தது. அவர்களுள் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.