கண்ணுக்குள் இருக்கும் பொருள் யாருடையது?

பார்வைக் குறைபாட்டுக்கான கருவிகளை இரண்டாகப் பிரிக்கலாம். பூதக்கண்ணாடி, எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் திரை போன்றவை முதல் வகை. பழுதானால் ஓரமாக வைத்துவிட்டு வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது வகை உடம்புக்குள் குடியேறுவது. சிக்கல் இந்த இரண்டாவதில்தான்.

கலிஃபோர்னியாவின் செகண்ட் சைட் நிறுவனம் ‘ஆர்கஸ் 2’ என்ற விழித்திரைக் கருவியைச் செய்தது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோயால் பார்வை இழந்தவர்களுக்கானது. மூக்குக்கண்ணாடியில் ஒரு சின்ன கேமரா. படத்தைச் சுருக்கி அனுப்ப, உடம்போடு எடுத்துச்செல்லும் ஒரு பெட்டி. விழித்திரையைத் தூண்ட 60 மின்முனைகள். தெரிவது நாம் காணும் உலகமல்ல, மினுக்கும் ஒளிப்புள்ளிகள். வாசல் எங்கே, ஜன்னல் எங்கே, எதிரே ஆள் நிற்கிறாரா என்று அனுமானிக்க அது உதவும். சுமார் 350 பேர் பொருத்திக்கொண்டார்கள். 2019-ல் நிறுவனம் இதன் தயாரிப்பை நிறுத்தியது. 2020-ல் பணமில்லாமல் பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. பெட்டி பழுதானால் பார்க்க ஆளில்லை என்பது 2022-ல் ஐஇஇஇ ஸ்பெக்ட்ரம் இதழ் எழுதிய பிறகே பரவலாகத் தெரியவந்தது.

‘வியாபாரம்னா நஷ்டம் வரும், கம்பெனி மூடும், இதில் அறம் எங்கே வந்தது? படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்தானே?’ என்று கேட்கலாம். அவர்கள் ஒப்புக்கொண்டது அறுவை சிகிச்சையின் ஆபத்தை. கிருமி தொற்றலாம், எதிர்பார்த்த அளவு தெரியாமல் போகலாம். செய்தவரின் கல்லாப்பெட்டி காலியானால் என் ஜன்னல் இருண்டுபோகும் என்பது வேறு வகை ஆபத்து. முன்னது உடம்பின் இயல்பு, பின்னது மனிதர்கள் எடுக்கும் முடிவு. முடிவுக்குக் கணக்குக் கேட்கலாம்.

எதிர்வாதமும் லேசானதல்ல. ஆயுள் முழுக்கப் பொறுப்பேற்கணும் என்று சட்டம் போட்டால், அரிய நோய்க்கு யார் கருவி செய்ய வருவார்? ஒன்றுமே இல்லாததற்கு ஐந்து வருஷ வெளிச்சம் மேல் என்று நோயாளியே சொல்லக்கூடும். அவரை மறுத்துப் பேச நமக்கு உரிமையில்லை.

ஆனால் 2013-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இதை அனுமதித்த வழியைப் பாருங்கள். அரிய நோய்களுக்கான மனிதாபிமான விலக்கு அது. பலன் உண்டென்று முழுசாக நிரூபிக்கத் தேவையில்லை. ஆபத்தைவிட நன்மை அதிகமிருக்க வாய்ப்புண்டு என்று காட்டினால் போதும். நோயாளிகளின் பெயரால் சமூகம் கொடுத்த சலுகை இது. சலுகை கொடுத்தவர் நிபந்தனையும் வைக்கலாம். லாபம் வரவில்லையா, நிறுத்திக்கொள். நிறுத்தும் நாளில் வரைபடத்தையும் மென்பொருளையும் மிச்சமுள்ள உதிரிபாகங்களையும் ஒப்படைத்துவிட்டுப் போ. வீட்டைக் காலிசெய்கிறவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதில்லையா, அதுபோலத்தான். கருவியின் விலை சுமார் 1,50,000 டாலர். அதில் ஒரு பங்கைப் பின்னாள் பராமரிப்புக்கென்று முதலிலேயே ஒதுக்கச் சொல்வதும் பேராசையாகத் தெரியவில்லை.

வேறு நிறுவனங்கள் இப்போது புதிய விழித்திரைச் சில்லுகளைச் சோதித்து வருகின்றன. அவர்கள் நீட்டும் ஒப்புதல் படிவத்தில் ஒரு கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்: நீங்கள் கடையை மூடிவிட்டால், இந்தக் கண்ணை யார் பார்த்துக்கொள்வார்?